வெயிலில் வெளுத்த குழாய்

எங்கள் அப்பாவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீட்டுக்கு வந்தால் கொத்தனார், தச்சர், குழாய்க்காரர் எல்லாம் அவரே. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஊரே துருப்பிடித்த இரும்புக் குழாய்களைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் குழாய்க்கு மாறியது. அப்பாவும் மாறினார். மாறியதோடு விட்டாரா? மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நேராகக் கீழே இறங்க வேண்டிய குழாயை, மாடி முழுக்க நாலைந்து முறை வளைத்து ஓடவிட்டு, அதற்கப்புறம்தான் புறவாசல் குளியலறைக்கு இறக்கினார். திருநெல்வேலி வெயில் வீணாகப் போகக் கூடாதாம். குழாய்க்குள் நிற்கிற தண்ணீரை வெயிலே காய்ச்சிவிடுமாம்.

காய்ச்சியது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பங்குனி பிறந்துவிட்டால் காலை பத்து மணிக்கே கை பொறுக்காத சூடு. பாதி வாளி பச்சைத் தண்ணீர் கலக்காமல் மேலுக்கு ஊற்ற முடியாது. வீட்டுக்கு வந்த ஒருவரையும் அப்பா சும்மா விடமாட்டார்.

"வே, இங்கன கைய வச்சுப் பாரும். விறகு இல்ல, அடுப்பு இல்ல. சூரியபகவான் காய்ச்சிக் குடுக்காரு!"

வந்தவர் விரலைச் சுட்டுக்கொண்டு, பாராட்டவும் செய்துவிட்டுப் போவார்.

நான் கல்யாணமாகித் தூத்துக்குடிக்குப் போய், தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு வந்தது ஒரு சித்திரையில். எட்டாம் மாதம். பக்கத்துத் தெரு தாண்டினால் ஆறு. ஆனால் அம்மா என்னை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே விடவில்லை.

"படியெல்லாம் பாசியா கெடக்கு. வழுக்கிட்டுன்னா என்னட்டி செய்வ? வீட்லதான் வெந்நி வருதே, பைய உக்காந்து குளி."

நான் வந்து பார்த்தபோது குழாயின் சாம்பல் நிறம் போயிருந்தது. வெளுத்து, தொட்டால் விரலில் மாவு ஒட்டியது. மாடியில் முட்டுக் கொடுத்திருந்த செங்கல்களுக்கு நடுவே, ஈரத்துணி காயப்போட்ட கொடி மாதிரி தொய்ந்து கிடந்தது. அப்பாவிடம் கேட்டேன்.

"வெயிலுக்கு வெளுத்திருக்கு, அவ்வளவுதான். ஒரு சொட்டு ஒழுகுதான்னு பாரு," என்றார்.

உண்மைதான், ஒழுகவில்லை. அம்மா அந்த மாவைத் தண்ணீர் உப்பு என்று நினைத்து, ஈரத்துணியால் துடைத்து வைப்பாள். வெளியே வெயிலும் உள்ளே சுடுதண்ணீரும் வருஷக்கணக்காகக் குழாயைத் தின்றுகொண்டிருந்தது எங்கள் மூன்று பேரில் ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. குளியலறையில் குட்டை முக்காலியில் உட்கார்ந்துதான் குளிப்போம். எழும்போது சுவரோரக் குழாயைப் பிடித்துத்தான் எழுவோம். இரும்புக் குழாய் காலத்தில் வந்த பழக்கம். இரும்பு போய்ப் பிளாஸ்டிக் வந்தது கைக்குத் தெரியுமா? அந்தக் குளியலறைக்குப் பாதிக்கு மேல் கூரை கிடையாது. அங்கேயும் குழாய் வெயிலில்தான் நின்றது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. குளித்து முடித்து, வயிற்றை ஒரு கையால் தாங்கி, மறு கையால் குழாயைப் பிடித்து முழுப் பாரத்தையும் கொடுத்து எழுந்தேன்.

படக்கென்று ஒரு சத்தம். வளையவில்லை, நெளியவில்லை, ஒரு அறிகுறி காட்டவில்லை. அப்பளம் நொறுங்குவதுபோல நொறுங்கியது. பக்கவாட்டில் விழுந்தேன். தோளில் சுடுதண்ணீர் கொட்டியது. எனக்கு முதலில் வலியே தெரியவில்லை. கையில் மிச்சமிருந்த துண்டைத்தான் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்றும் பிடித்து எழுந்த குழாய். அது இப்படிச் செய்யும் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் அந்தத் திகைப்பு அப்படியே இருக்கிறது.

அம்மா ஓடிவந்து என்னை இழுத்து, சேலையைச் சுற்றி, குளியலறையை ஒட்டிய பின்கட்டு அறையில் படுக்க வைத்தாள். தோள் செக்கச்செவேல் என்றிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"ஏட்டி, புள்ள அசையுதா?"

அப்போதுதான் எனக்கு உயிரே நின்றது. காலையிலிருந்து உதைத்துக்கொண்டே இருந்த பிள்ளை. வயிற்றில் கையை வைத்தேன். ஒன்றுமில்லை. அழுத்தினேன். புரண்டு படுத்தேன். ஒன்றுமில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, ஆட்டோ பிடிக்கத் தலைவிரி கோலமாகத் தெருவுக்கு ஓடினாள்.

அப்பா வாசற்படியில் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றார். உடைந்த குழாயிலிருந்து கொட்டிய தண்ணீர் அறைக்குள் ஓடிவந்து என் பாயை நனைத்தது. அதைப் பார்த்ததும், "அடைச்சிட்டு வந்திருதேன்" என்று மாடிக்கு ஓடினார்.

நான் தனியாகக் கிடந்தேன். எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். நன்றாகத் திட்டவும் செய்தேன்.

மேலே தொட்டி வால்வின் திருகு ஒடிந்து அப்பாவின் கையோடு வந்துவிட்டதாம். அவர் பதறித் திரும்பியபோது கால் பட்டுக் குழாய் ஒடிந்தது. என் தலைக்கு நேர் மேலே, தளமே அதிர, படார் என்று ஒரு சத்தம்.

வயிற்றுக்குள் ஒரு துள்ளல்.

பிரமையோ என்று மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன். அப்பாவுக்கு ஆத்திரம் தலைக்கேறியிருக்க வேண்டும். குழாயின் அடுத்த வரிசையை ஓங்கி மிதித்தார். படார். பிள்ளை தூக்கிவாரிப்போட்டுக்கொண்டு உதைத்தது. வயிற்றின் ஒரு பக்கம் புடைத்து எழுந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன்.

"அப்பா!" என்று வீடே இடிந்துவிழக் கத்தினேன்.

மேலே சத்தம் நின்றது. "என்னட்டி? என்ன ஆச்சு?" அழுகிற குரல்.

"ஒடிங்கப்பா! இன்னொண்ணு ஒடிங்க!"

அவருக்கு என்ன புரிந்ததோ. கேள்வி கேட்காமல் ஒடித்தார். ஒவ்வொரு சத்தத்துக்கும் உள்ளே ஓர் உதை. அம்மா ஆட்டோவோடு வந்து நின்றபோது, நான் நனைந்த பாயில் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தேன். அப்பா மாடியில் ஒரு முழம் குழாய்கூட மிச்சம் வைக்கவில்லை.