சத்தமே இல்லாத பெட்டி

முழங்கை நீள ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கணினியின் தலையில் வைத்து, மறுமுனையில் இருந்த மரக் கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக்கொண்டு, கண்களை மூடி நின்றார் அவர். கடையின் மேல்விசிறியை நிறுத்தச் சொல்லிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. ஏசியையும் நிறுத்தச் சொன்னதில் கடைக்காரம்மாவுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. வேறு ஏதோ வாங்க வந்த இருவர் வந்த வேலையை மறந்துவிட்டு ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"அண்ணே, அது கம்ப்யூட்டருங்க. நாடி பாக்குறீங்களே!"

"பேசாதீங்கம்மா. நீங்க பேசுறது இதுல ஏறுது."

இது ஏழாவது கடை. முந்தைய ஆறு கடைகளில் இன்னொரு முறை அவரை உள்ளே விடுவார்களா என்பது சந்தேகம். இத்தனைக்கும் அவர் கேட்டது பெரிய சமாசாரமில்லை. கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் வைக்க ஒரு சின்னக் கணினி. மகள் ஹார்ட் டிஸ்கில் நிரப்பிக் கொடுத்திருக்கும் படங்களும் பாட்டுகளும் குடும்ப வீடியோக்களும் அதில் ஓட வேண்டும். சத்தம் மட்டும் வரக்கூடாது. "கொஞ்சம் வந்தா பரவாயில்லையா?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், முகம் சுருங்கிவிடும். "கொஞ்சம்னு ஒண்ணு கெடையாது. வருதா, வரலையா? அவ்ளோதான்."

தொழிலுக்கு அவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்து நான்கு வருடமாக அதே வேலை. கம்பெனியில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. 'காது' என்றால்தான் தெரியும். "அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் மறுபடியும் தகராறு, காத அனுப்புங்க" என்பார் மேலாளர். காது போகும். மொட்டை மாடியில், தகரக் கதவு போட்ட மோட்டார் அறைக்குள் குனிந்து நுழையும். ஸ்க்ரூடிரைவரை மோட்டாரின் மேல் ஊன்றி ஒரு நிமிடம் கேட்கும். பிறகு தீர்ப்பு வரும். "பின்பக்க பேரிங் உறுமுது. இவன் இன்னும் ரெண்டு மாசம் தாங்குவான். அதுக்குள்ள மாத்திருங்க." ஒன்றரை மாதத்தில் 'இவன்' படுத்துவிட்டான் என்று மேலாளரே வந்து சொல்வார். இந்தத் தொழிலில் மீட்டர் வைத்துப் பார்ப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. மீட்டரே இவரைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளும் என்று கம்பெனியில் ஒரு கிண்டல் நடமாடுகிறது.

வேறு சில விசேஷங்களும் உண்டு. தான் பராமரிக்காத லிஃப்டில் அவர் ஏறமாட்டார். ஒன்பதாவது மாடியில் கல்யாணப் பேச்சு என்றாலும் படியேறித்தான் போவார், மூச்சு வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்து, முதல் கால் மணி நேரம் ஒரு வார்த்தையும் பேசாமல் சம்பந்திகளைப் பயமுறுத்துவார். பேச ஆரம்பித்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். ரகசியம் என்று அவரிடம் எதையும் சொல்லக்கூடாது, கேள்வியாகத் திருப்பிக் கேட்டே ஊருக்குச் சொல்லிவிடுவார். "மோட்டார் ரூம்ல கத்திக் கத்திப் பழகிருச்சு" என்பது அவருடைய சமாதானம். எல்லோரும் அதை நம்பினார்கள். அவரும் நம்பினார்.

வீட்டில் அவருக்குச் சரியான ஜோடி அவர் மனைவி. மூன்றாவது மாடி ஜன்னலில் நின்று, தெருவில் இறங்கிப் போய்விட்டவரை ஒரே குரலில் திருப்பிக் கொண்டுவரக்கூடியவர். "என்னங்க! சாவிய வச்சிட்டுப் போறீங்க!" என்று ஒரு சத்தம் வந்தால், சம்பந்தமே இல்லாத நாலு ஆண்கள் நின்று சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பார்கள். போன வருடம் அந்தத் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. இப்போது அவர் பேசினால் மூச்சுதான் வருகிறது, அதில் சொற்கள் லேசாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. உடம்பும் இளைத்துவிட்டதால் பகலெல்லாம் கூடத்துச் சோபாவில்தான் இருப்பு. மகள் ஒரு மேசை மணி வாங்கிக் கொடுத்தாள். அம்மாள் அதைத் தொடவில்லை. கணவரை அருகில் இழுத்து, அவர் காதோடு வாயை வைத்துச் சொன்னார்: "மணியடிச்சுக் கூப்பிட நீங்க என்ன பியூனா?" அவர் சிரித்துவிட்டு மணியை அலமாரியில் வைத்துப் பூட்டினார். பிறகு அதற்காக வருத்தப்பட்டார்.

வருத்தப்பட வைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூடத்தில் அப்போது பழைய கணினி ஒன்று இருந்தது. அலுவலகத்தில் கழித்துப் போட்ட முழங்கால் உயரப் பெட்டியை மகள் கொண்டுவந்து டிவியோடு இணைத்திருந்தாள். படம் ஓட ஆரம்பித்தால் அதன் விசிறி புஸ்ஸென்று கிளம்பி, நிற்காமல் இரையும். அன்றைக்கும் இரைந்துகொண்டிருந்தது. அவர் முன்னால் உட்கார்ந்து படத்தில் மூழ்கியிருந்தார். பின்னால் சோபாவிலிருந்து எழ முயன்ற மனைவி, கால் வழுக்கி, சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்துவிட்டார். கூப்பிட்டார். கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இடைவேளையில் தண்ணீர் குடிக்கலாம் என்று அவர் எழுந்து திரும்பியபோதுதான் தரையில் ஒரு கை தெரிந்தது. எலும்பு முறியவில்லை. ஆனால் அந்த அம்மாள் முகத்தில் கண்ணீர் வழிந்து காய்ந்திருந்தது. எட்டடி தூரத்தில் இருந்துகொண்டு, இருபது நிமிடமாகக் கட்டியவளின் குரல் தனக்குக் கேட்கவில்லை என்பதை அவரால் தாங்க முடியவில்லை. பெட்டியின் ஒயரைப் பிடுங்கி, அதைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் இறங்கி, குப்பைத் தொட்டி ஓரத்தில் வைத்துவிட்டு வந்தார். "இந்தச் சனியன் போட்ட சத்தத்துலதான் கேக்கல" என்று மனைவியிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

ஆகவேதான் ஏழு கடை. கடைக்காரம்மா பொறுமைசாலி. முதலில் கைக்கடக்கமான ஒரு பெட்டியைக் காட்டினார். உள்ளே தீப்பெட்டி அளவு விசிறி. வெறுமனே இருக்கும்போது மூச்சுக்கூட விடவில்லை. அவர் ஏமாறவில்லை. "படத்தப் போட்டு ஓட விடுங்கம்மா. சும்மா நிக்கிற லிஃப்ட் எல்லாமே நல்ல லிஃப்ட்தான்." அரை மணி நேரம் படம் ஓடியதும் அது சூடேறி முணுமுணுக்கத் தொடங்கியது. "முணுமுணுக்கிறான். வேணாம்." கடைசியில் விசிறியே இல்லாத ஒன்று வந்தது. அலுமினியக் கூடு, மேலெல்லாம் சீப்பின் பற்கள்போல வரிவரியாகத் தகடுகள். சூட்டை அந்தத் தகடுகளே வெளியே தள்ளிவிடும், உள்ளே சுழலுகிற சாமான் ஒன்றுகூடக் கிடையாது என்றார் கடைக்காரம்மா. இவர் ஒரு முழுப் படத்தை ஓடவிட்டு, ஸ்க்ரூடிரைவரால் நான்கு பக்கமும் கேட்டார். வெளியே வண்டிகளின் சத்தம் தவிர ஒன்றுமில்லை. முப்பத்து நான்கு வருடத்தில் இப்படியொரு மெஷினைக் கேட்டதில்லை என்று சொன்னார். சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். கடைக்காரம்மா அவசரமாக விசிறியைப் போட்டார்.

வீட்டில் பெட்டியை வைத்து, படத்தைப் போட்டு, சத்தத்தைக் குறைத்து, மனைவியின் முகத்தைப் பார்த்தார். "எப்படி? இருக்கிறதே தெரியல பாத்தியா?" அந்த அம்மாள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அடுத்த வாரமெல்லாம் தலைவலி என்று நெற்றியில் துணி கட்டிக்கொண்டார். படம் போட்டால் ஒரு காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டு சாய்ந்து பார்த்தார். குளிராக இருக்கும் என்று இவர் ஜன்னலைச் சாத்தினார்.

பத்தாம் நாள் மகள் வந்தாள். செருப்பைக் கழற்றியவள் உள்ளே வராமல் வாசல்படியிலேயே நின்று, காதைப் பொத்திக்கொண்டாள்.

"என்னப்பா இது, கீ...ன்னு? ஊசியால குத்துற மாதிரி!"

"எது?"

"அதோ, அந்தப் பெட்டிதான். உங்களுக்குக் கேக்கலையா?"

"விசிறியே இல்லாத பெட்டிம்மா அது. நானே காது வச்சுப் பாத்து வாங்கினேன்."

"விசிறி இல்லாட்டியும் உள்ள கரண்ட் ஓடுற சுருள் கத்தும்ப்பா" என்று மகள் எட்டிப் போய் ஒயரை உருவினாள். "ம், நின்னுடுச்சு." மறுபடி செருகினாள். "கேளுங்க, கீ..." அவர் கேட்டார். ஒன்றுமில்லை. உருவினாள். அப்போதும் ஒன்றுமில்லை. இரண்டு ஒன்றுமில்லைக்கும் வித்தியாசம் தெரியவில்லை அவருக்கு. மகள் பெட்டியை அணைத்துவிட்டு, செருப்பை ஓரமாக வைக்க மறுபடி வாசலுக்குப் போனாள். அவர் மனைவியின் காலடியில் போய் உட்கார்ந்தார்.

"எத்தன நாளா கேக்குது உனக்கு?"

அந்த அம்மாளின் உதடு அசைந்தது. அவர் முன்னால் குனிந்து, "என்ன?" என்றார். மறுபடி அசைந்தது. "என்னம்மா?"

"வாங்கின அன்னைலேருந்து கேக்குதாம்ப்பா" என்றாள் வாசலில் நின்ற மகள். "நீங்க ஆசையா வாங்கினீங்களேன்னுதான் சொல்லலையாம்."

பெட்டி அணைந்திருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. பழி போட அந்தக் கூடத்தில் எதுவுமே இல்லை. ஒரு முழத் தூரத்தில் இருந்தவருக்குக் கேட்காதது, பதினைந்தடி தூரத்தில் இருந்தவளுக்குக் கேட்டிருக்கிறது. அவர் மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

காது டாக்டர் ஒரு காகிதத்தைக் காட்டினார். அதில் ஒரு கோடு சமமாகப் போய், பாதியில் சடாரென்று கீழே இறங்கியது. மோட்டார் உறுமல் மாதிரி கனத்த சத்தமெல்லாம் நன்றாகவே கேட்கிறதாம். மெல்லிய, கூர்மையான சத்தங்கள் போய்ப் பல வருடம் ஆகிறதாம். மூச்சில் பேசும் பேச்சு அந்த வகைதானாம். "லிஃப்ட் விழுந்த மாதிரி இருக்கே கோடு" என்றார் இவர். டாக்டர் சிரித்தார், மகள் சிரிக்கவில்லை. காதுக்கு ஒரு கருவி கொடுத்தார்கள். அதை மாட்டினால் தட்டு விழுவது இடியாகக் கேட்கிறது, மனைவி பேசுவது மட்டும் இன்னமும் காற்றாகவே இருக்கிறது. கம்பெனியில் யாருக்கும் அவர் இதைச் சொல்லவில்லை. 'காதை அனுப்புங்க' என்கிறார்கள், போய்வருகிறார். உறுமுகிற பேரிங்குகளை இப்போதும் சரியாகத்தான் சொல்கிறார். அதில் அவருக்கு இப்போது பெருமையில்லை.

பெட்டியை மாற்ற வாடகைக் காரில் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். ஸ்க்ரூடிரைவர் வீட்டில் இருந்தது. யாரும் சொல்லாமலேயே கடைக்காரம்மா ஏசியை நிறுத்தினார். முக்காலியில் உட்கார்ந்த அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து பெட்டிகளைக் கேட்டுவிட்டு, ஒன்றின் மேல் விரலை வைத்தார். அன்றைக்கு இவர் வேண்டாமென்று தள்ளிய, முணுமுணுக்கிற பெட்டி. "அண்ணே, சத்தம் வருமே, பரவாயில்லையா?" என்றார் கடைக்காரம்மா. "வரட்டும்மா. அவளுக்குப் பிடிச்சிருக்கு" என்றார் அவர்.

இப்போது கூடத்தில் நாற்காலி திரும்பியிருக்கிறது. படம் ஓடும்போது அவர் டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மனைவிக்கு எதிரே உட்கார்கிறார். கண் அந்த உதட்டிலேயே இருக்கிறது. உதட்டைப் படிக்கப் பழகிக்கொண்டிருக்கிறார், மூன்று வாரமாக. சுலபமில்லை. அப்பா என்றாலும் அம்மா என்றாலும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கிறது. மனைவி சிரித்தால் என்ன காட்சி என்று தெரியாமல் இவரும் சிரிக்கிறார், ஒரு நொடி பிந்தி.

போன ஞாயிறு, சிரித்து முடித்த அந்த அம்மாள் திரையைக் கைகாட்டி, "பாத்தீங்களா?" என்றார். இவர் கையைப் பார்க்கவில்லை, உதட்டைப் பார்த்தார். உதடு மூடியது, திறந்தது, நாக்கு பல்லில் பட்டது. "மாத்திரையா? இதோ, இதோ" என்று எழுந்து ஓடினார். மாத்திரையும் தண்ணீருமாக வந்து நின்றவரின் முகத்தை அந்த அம்மாள் பார்த்தார். மறுக்கவில்லை. மாத்திரையை வாங்கி, மூடிய கையை வாய்க்குக் கொண்டுபோய் இறக்கினார், தண்ணீரை முழுவதும் குடித்தார், நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். மூடிய கை மட்டும் மடியில் அப்படியே இருந்தது.

உதட்டிலிருந்து முதல் தடவையாக அவர் பார்வை அந்தக் கைக்கு இறங்கியது. எதிரே உட்கார்ந்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, வேர்வையில் நனைந்திருந்த மாத்திரையை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு நாற்காலியை, முழங்கால்கள் இடிக்கும் வரைக்கும், முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.