டிப்ஸ்டிக்கில் காபி நிறம்

கார் எஞ்சினுக்குள் ஆயிலும் ரேடியேட்டர் தண்ணீரும் கலந்துவிட்டால் ஆயில் பால் விட்ட காபி மாதிரி ஆகிவிடும். இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். தெரியாவிட்டாலும் குற்றமில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். என் முதலாளி மூடிக்கொண்டிருக்கவில்லை.

எழுபதுகளின் நடுவில் தியாகராய நகரில், பனகல் பார்க் பக்கம், அவருக்கு ஜவுளிக் கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தோளில் துணி மூட்டை சுமந்து விற்று, பிறகு கடை போட்டவர். உழைப்பாளி, அதை நான் மறுக்கவில்லை. நான் அவருடைய கார் டிரைவர். காலையில் மேற்கு மாம்பலத்திலிருந்து நடந்து வந்து வண்டியைத் துடைப்பேன், கடை பூட்டியதும் அவரை வீட்டில் விட்டுவிட்டு நடந்தே திரும்புவேன். அப்போதே ஏழு வருஷமாக இப்படி.

அவர் எதையும் விரலில் தேய்த்துப் பார்த்துத்தான் நம்புவார். புடவையை, வேட்டியை, கடைசியில் கார் ஆயிலையும். வாரம் ஒருமுறை பானெட்டைத் திறக்கச் சொல்லி, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி, இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து "ம்" என்பார். ஆயிலைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? நெசவைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுதான்.

அந்தக் கோடையில் ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. காலையில் நிரப்பினால் மாலையில் ஒரு சொம்பு குறையும். ஆனால் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. புகைக்குழாயில் வெள்ளைப் புகை. பத்து நாளில் மூன்று தடவை சொன்னேன்.

"மொதலாளி, தண்ணி எங்கியோ உள்ள போவுது. ஒருதபா மெக்கானிக்காண்ட காட்டிடலாம்."

"இந்த வெயில்ல தண்ணி வத்தாம என்ன செய்யும்? மெட்ராசுல கெணறே வத்திட்டு. போ, ஊத்திக்கிட்டு ஓட்டு."

வைகாசி முகூர்த்தக் கூட்டத்தில் கடை திணறிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவர் டிப்ஸ்டிக்கை உருவினார். காபி நிறம். அளவும் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தது. விரலில் தேய்த்தார், மறுபடி தேய்த்தார், டிப்ஸ்டிக்கைப் பிடித்தபடியே கடைக்குள் நடந்தார். நான் பின்னால் ஓடினேன். கணக்குப்பிள்ளை, விற்பனையாட்கள், கூரைப்புடவை எடுக்க வந்த குடும்பம், எல்லார் முன்னாலும் அதைத் தூக்கிக் காட்டினார்.

"பாத்தீகளா? நல்ல ஆயில உருவி வித்துட்டு, தண்ணிய ஊத்தி நெரப்பி வச்சிருக்கான். ஏழு வருசமா எவ்வளவு வித்தானோ, களவாணிப்பய!"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கடையிலிருந்து ஒரு கைக்குட்டைகூட நான் எடுத்ததில்லை.

"மொதலாளி, ஆயில்ல தண்ணி ஊத்திட்டு எவனாச்சும் வண்டி ஓட்டுவானா? தண்ணி கொறையுதுன்னு பத்து நாளா சொல்லிக்கினு கீறேன். அந்தத் தண்ணிதான் இது. எஞ்சினத் தொறந்து பாருங்க. என் மேல தப்பு இருந்தா போலீசாண்ட புடிச்சிக் குடுங்க."

"ஒன் மெக்கானிக்கு ஒனக்குத்தான் பேசுவான்."

"நீங்களும் வாங்க. கண்ணால பாருங்க."

வந்தார். வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். மாட்டேன் என்றேன். அந்த ஆயிலோடு மெக்கானிக் இருக்கும் சிந்தாதிரிப்பேட்டை வரை ஓட்டினால் பேரிங் தேய்ந்து எஞ்சினே போய்விடும். களவாணி என்று பேர் வாங்கிக்கொண்டு அவர் எஞ்சினைக் காப்பாற்றினேன், என் புத்தியை என்ன சொல்ல! கடை வேன் கயிறு கட்டி இழுக்க, ஸ்டியரிங்கில் நானும் பக்கத்தில் அவருமாக மவுண்ட் ரோடு வழியாகப் போனோம். வழியெல்லாம் அவர் ஆயில் பட்ட விரல்களைத் துடைக்காமல், சாட்சி மாதிரி, தனியாக நீட்டி வைத்திருந்தார்.

மெக்கானிக்கின் பட்டறை கூவம் ஓரத்துச் சந்தில் இருந்தது. மெக்கானிக் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து, ஒரே ஒரு நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டார். தண்ணீரில் குபுகுபுவென்று குமிழி வந்தது. மேலே எண்ணெய் மிதந்தது.

"கேஸ்கெட் பூட்ச்சு நைனா" என்றார் என்னிடம். பிறகு முதலாளியிடம், "மேல ஹெட்டு, கீழ பிளாக்கு. நடுவுல கீற தகடு எரிஞ்சிட்டா தண்ணி ஆயில்ல பூந்துடும் சார்" என்றார்.

"தெறந்து காட்டும்" என்று முதலாளி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

முதலில் ரேடியேட்டர் தண்ணீரை இறக்க வேண்டியிருந்தது. கொஞ்சம் வந்து நின்றுவிட்டது. கம்பி விட்டுக் குத்தியதும் மஞ்சளாகக் கட்டிக் கட்டியாய்ச் சேறு விழுந்தது. மெக்கானிக் எடுத்து மோந்து பார்த்தார்.

"மஞ்சத்தூளு. இன்னா இம்மாம் போட்டு வச்சிக்கீறே?"

ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போட்டு அடைப்பது அப்போது எல்லோரும் செய்த வைத்தியம். ஒரு சிட்டிகை போட்டால் வீடு வந்து சேரலாம், வந்ததும் கழுவிவிட வேண்டும். இங்கே ஒரு பொட்டலமே இருந்தது. தினமும் தண்ணீர் ஊற்றிய நான் அந்த நிறத்தைத் துரு என்று நினைத்துவிட்டேன், அது என் தப்பு. ஆனால் போட்டது நானில்லை. சித்திரையில் என் தங்கை கல்யாணத்துக்கு மூன்று நாள் லீவில் இருந்தேன். அப்போது முதலாளியே வண்டியை எடுத்துக்கொண்டு திருத்தணி போய்வந்தார். அவரைப் பார்த்தேன்.

"வழியில ஒழுகிச்சு" என்றார் சுவரைப் பார்த்து. "மளிகைக் கடையில ஒரு பொட்டலம் வாங்கிப் போட்டேன். நின்னுட்டு."

"வண்டி சூடாச்சா மொதலாளி?"

"ஆவி பறந்துச்சு. அதுக்காக நடு ரோட்டுல நிக்க முடியுமா? வீடு வரைக்கும் ஓட்டிட்டே வந்துட்டம்லா!"

பெருமையாகச் சொன்னார். கேஸ்கெட்டையே எரிக்கும் சூட்டில் ஆவி பறக்க ஓட்டியதைப் பெருமையாகச் சொன்னார்! எனக்குக் கையில் கிடைத்த ஸ்பானரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இரண்டு மணி நேரத்தில் ஹெட் கழன்று வந்தது. கேஸ்கெட் ஒரு மூலையில் கரிந்து, சிலிண்டரும் தண்ணீர்த் துளையும் ஆயில் துளையும் ஒன்றாகியிருந்தன. மெக்கானிக் அதை அவர் மடிக்கு நேரே நீட்டினார். அவர் தேய்த்துப் பார்க்கவில்லை.

"மாத்திப் போடும்" என்று எழுந்தார். நான் வழியை மறித்தேன்.

"மொதலாளி, கடைல எல்லார் எதிர்க்கயும் சொன்னீங்க. அதே எடத்துல, கேஸ்கெட் போச்சு, இவன் ஒண்ணும் எடுக்கலன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"சொல்லுதேன், சொல்லுதேன். வழிய விடு."

நம்பினேன். நான்காம் நாள் வண்டி தயாரானது. அவரைக் கடை வாசலில் இறக்கி, நானும் கூடவே உள்ளே போய் நின்றேன். அன்றைக்கு இருந்த விற்பனையாட்கள் அத்தனை பேரும் இருந்தார்கள், என்னைப் பார்ப்பதும் துணியை மடிப்பதுமாக.

"வண்டி சரியாயிட்டு" என்றார் கணக்குப்பிள்ளையிடம், கடை முழுக்கக் கேட்கும்படி. "இனிமே ஆயில் டின்ன உள்ள அலமாரில வச்சுப் பூட்டும். சாவி ஒம்மகிட்டயே இருக்கட்டும்."

அவ்வளவுதான். வாசலில் யாரோ வர, "வாங்கம்மா, உள்ள வாங்க" என்று போய்விட்டார்.

கார் சாவியை அங்கேயே விட்டெறிந்திருக்க வேண்டும். எறியவில்லை, வீட்டில் நான்கு வயிறு இருந்தது. அவர்மேல் எனக்கு இருக்கும் கோபத்தில் பாதி அன்று சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்ட என் கைமேலும் இருக்கிறது. இன்னும் நான்கு வருஷம் அவருக்கு ஓட்டினேன். ஆயில் ஊற்ற வேண்டிய ஒவ்வொரு முறையும் போய்க் கணக்குப்பிள்ளை முன்னால் நிற்பேன். அவர் பூட்டைத் திறந்து, டின்னைத் தானே தூக்கிக்கொண்டு என் பின்னால் வருவார். நான் ஊற்றி முடிக்கும்வரை பானெட் பக்கத்தில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்.