டேப் அக்கா தைத்த வெள்ளைக் கோட்டு

உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டேதான் டேப் அக்கா பேசுவார். கேட்டுக்கொண்டு நிற்கிற நமக்குத்தான் தொண்டையில் குத்தும். கழுத்தில் தொங்கும் அளவு டேப்பை அவர் கழற்றி யாரும் பார்த்ததில்லை. கல்யாண வீட்டு ஃபோட்டோவில்கூட நெக்லஸுக்குப் பக்கத்தில் அதுவும் தொங்குகிறது.

தையல் கடைக்கு எதிரே இருக்கிற பள்ளிக்கூடத்துச் சீருடையெல்லாம் அவர் தையல்தான். மேல்வகுப்பில் சயின்ஸ் எடுக்கிற பிள்ளைகளுக்கு ஆய்வுக்கூடத்தில் போட வெள்ளைக் கோட்டு வேண்டும், ஆர்ட்ஸுக்கு வேண்டாம். அதனால் அளவெடுக்கும்போதே அக்கா தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

“கையைத் தூக்குன்னதும் தூக்கினா சயின்ஸ். எதுக்குன்னு கேட்டா ஆர்ட்ஸ்.”

“கேள்வி கேட்கிறதுதானே அக்கா சயின்ஸ்?” என்றேன்.

“அதெல்லாம் பாடப் புஸ்தகத்துல. மார்க் வாங்குற புள்ள வாயைத் திறக்காது.”

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வழி சொன்னவர், சொந்த மகள் விஷயத்தில் அளவே எடுக்காமல் வெட்டிவிட்டார். பரீட்சை முடிவு வரும் முன்பே உசத்தியான துணியில் கோட்டு தயார். வளர்கிற பிள்ளை என்று கையை நீளமாக விட்டு, பாக்கெட்டின் மேல் நீல நூலில் ‘டாக்டர்’ என்று பூவேலை வேறு.

மகளோ, சாக்கட்டியைக் கண்டால் கை சும்மா இராதவள். தலைமை ஆசிரியர் பேன்ட் தைக்கக் கொடுத்த துணியில் அவர் முகத்தையே வரைந்து வைத்தாள். அச்சு அசல்! அக்கா தலையில் அடித்துக்கொண்டு தட்டினார், துடைத்தார். முகம் போயிற்று; மீசை போகவில்லை. உள்பக்கம் வருகிற மாதிரி வெட்டித் தைத்துக் கொடுத்துவிட்டார். அந்த மனிதர் இன்றுவரை தன் மீசைமேல்தான் உட்காருகிறார்.

நேற்று என் பேன்ட்டை வாங்கப் போயிருந்தேன். மகள் வந்து நின்றாள்.

“அம்மா, நாளைக்கு ஆர்ட்ஸுக்குத்தான் பேர் குடுக்கப்போறேன். எனக்கு ஓவியம்தான் வேணும்.”

அக்கா வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தார்.

“படம் போட்டா சோறு வருமாடி?”

“துணியில கோடு போட்டுத்தானே நீ எனக்குச் சோறு போடுறே?”

“இந்த வாய்க்கு நீ வக்கீலுக்குத்தான் படிக்கணும்!”

“உன் விரல்ல ஊசி ஏறினாலே எனக்கு மயக்கம் வருதும்மா. நான் எப்படி டாக்டராவேன்?” மகள் அழ ஆரம்பித்தாள்.

“கோட்டு தச்சிட்டேனேடி!” என்று அக்கா அலறினார்.

“கோட்டு இருக்குன்னு யாராவது டாக்டராவாங்களா அக்கா?” என்று வாயைக் கொடுத்தேன்.

“நீங்க சும்மா இருங்க. உங்க பேன்ட் இன்னைக்குக் கிடையாது.”

அவர் கோட்டை மடியில் போட்டுத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. எத்தனை ஆசை வைத்திருந்தார், பாவம்! பிறகு மகளை இழுத்து மாட்டிப் பார்த்தார். விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை. அழுகிற கண்ணைத் துடைக்கக் கை கிடைக்காமல் அவள் முழித்தாள்.

“சரி, கழட்டு. படம் போடுறேன்னு சாயம் கொட்டிக்கிட்டு வருவே. நல்ல துணிக்கு மேல போட ஏதாவது வேணுமில்ல.”

பிளேடால் நீல எழுத்துகளைக் கடைசியிலிருந்து பிரித்தார். நூல் போன பின்னும் ஊசித் துளைகள் தெரிந்தன. விரலை எச்சில் தொட்டுக்கொண்டு, அந்த இடத்தை நகத்தால் மெதுவாகத் தேய்க்க ஆரம்பித்தார், ஒரு துளையும் தெரியாமல் போகும்வரை.