அவள் குரல் இருந்த தளம்

கணினியோடு வந்த இரண்டு சின்ன ஸ்பீக்கர்களில் ஒன்று எப்போதும் கரகரக்கும். அந்தக் கரகரப்புக்கு நடுவிலிருந்துதான், என் மனைவி இறந்துபோன பிறகு முதன்முறையாக அவள் பாடுவதைக் கேட்டேன். பாகாயத்தில் எங்கள் சபைப் பாடகர் குழுவிலிருந்த ஒரு பையன் வெளிநாட்டுக்குப் போகும்முன் ஓர் இணைய வானொலி நடத்திவந்தான். குழுவின் பாட்டுகளையெல்லாம் அதில் ஏற்றி வைத்திருந்தான். அவற்றில் ஒன்று அவள் தனியாகப் பாடிய மாலை ஜெபப் பாட்டு. அதைத் தேடி எடுத்த அன்றே பக்கத்தின் தலையில் ஓர் அறிவிப்பையும் பார்த்தேன். இந்த மாதக் கடைசியோடு தளம் மூடப்படும் என்றிருந்தது. பையனுக்கு மின்னஞ்சல் எழுதினேன். பதில் இல்லை.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, தலை வலிக்கிறது என்று சமையலறையில் உட்கார்ந்தவள் எழவில்லை. மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். இன்றைக்கும் என் மகள் நெற்றியைத் தேய்த்தால் தலை வலிக்கிறதா என்று உடனே கேட்டுவிடுகிறேன். மனைவியின் குரல் என் போனில் நிறைய இருக்கிறது. கேஸ் வந்துச்சா, வர்றப்ப பால் வாங்கிட்டு வா, பொண்ணு சாப்டாளா. எல்லாமே இப்படித்தான். பாட்டு ஒன்றுகூட இல்லை. வீட்டில் ஓயாமல் பாடுகிறவளை யார் பதிவு செய்து வைப்பார்கள்?

மகள் பன்னிரண்டாம் வகுப்பு. அம்மாவோடு குழுவில் பாடியவள். அம்மாவுக்குக் கீழ்க்குரல், இவளுக்கு மேல்குரல். அடக்கத்துக்குப் பிறகு கோயிலில்கூட இவள் வாய் திறக்கவில்லை. நான் போனில் அந்தக் குரல் செய்திகளைப் போட்டால் எழுந்து உள்ளே போய்விடுவாள். அதனால் இந்த வேலையை அவளுக்குத் தெரியாமல் செய்யவேண்டியிருந்தது.

எனக்குத் தெரிந்தது ஆம்பூர் ஷூ கம்பெனியின் தரச் சோதனை வேலை மட்டும்தான். முதலில் பக்கத்தை அப்படியே சேமித்தேன். திறந்தால் படம் வந்தது, பொத்தான் வந்தது, சத்தம் வரவில்லை. பிறகு ஏதோ ஒரு மென்பொருளை இறக்கினேன். பாட்டு இறங்கவில்லை, விளம்பரங்கள் இறங்கின.

“அப்பா, இன்னாத்த டவுன்லோட் பண்ணித் தொலைச்ச? கெமிஸ்ட்ரி நோட்ஸ் தொறந்தா லாட்டரி வருது!” என்றாள் மகள்.

ஆபீஸ் வேலை என்று சொல்லிச் சமாளித்தேன்.

கடைசியில் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் பாயிடம் சொன்னேன். கம்ப்யூட்டரில் ஷூ டிசைன் போடுகிறவர், வாணியம்பாடிக்காரர். “இன்னா சார், இதுக்கா இவ்ளோ பேஜார்? ரெக்கார்டர் போடு, பாட்ட ஓட விடு. ஓடுறப்பவே பதிஞ்சுக்கும். பச்சைக் கோடு ஆடுனா பதியுதுன்னு அர்த்தம்” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “நடுவுல கீபோர்டத் தொடாதே. உன் கை சும்மா இருக்காது, கடைக்கிடைக்குப் போய்டு” என்றும் சொன்னார்.

மகள் டியூஷன் போயிருந்த மாலையில் அப்படியே செய்தேன். மனைவி பாடத் தொடங்கினாள், பச்சைக் கோடு ஆடியது. நின்று கேட்க என்னால் முடியவில்லை. பால் வாங்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பாட்டு முடிந்திருந்தது. மகள் சீக்கிரமே வந்துவிட்டிருந்தாள், அவள் அறைக் கதவு சாத்தியிருந்தது. பதிவை நிறுத்திச் சேமித்தேன். போட்டுக் கேட்கும் துணிவு வரவில்லை. கோப்பு இருக்கிறது, அது போதும் என்றிருந்தேன்.

மாதம் முடிந்தது. தளம் திறக்கவில்லை. அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தக் கோப்பைத் திறந்தேன்.

அவள் குரல் எங்கோ அடுத்த தெருவிலிருந்து வருவதுபோல் இருந்தது. அதற்கு மேல் மின்விசிறியின் சத்தம். என்ன நடந்தது என்று மெதுவாகத்தான் புரிந்தது. கொரோனா சமயத்தில் மகளின் ஆன்லைன் வகுப்புக்காகத் திரையின் மேல் ஒரு கேமரா மாட்டியிருந்தோம். ரெக்கார்டர் தளத்திலிருந்து எதையும் எடுக்கவில்லை. கேமராவிலிருந்த மைக் வழியாக அறையைப் பதிந்து வைத்திருந்தது. இனி எடுக்கவும் முடியாது. இரண்டாம் முறை அவளைக் கைநழுவ விட்டேன் என்று தோன்றியது.

நிறுத்தப் போனேன். அப்போது கேட் திறக்கும் சத்தம் கேட்டது. செருப்பு கழற்றும் சத்தம். ஒரு பை கீழே விழுந்தது. பாட்டு மட்டும் தொலைவில் போய்க்கொண்டிருந்தது. பிறகு மைக்குக்கு மிக அருகில், மூச்சு வாங்கிக்கொண்டே, மகள் பாடத் தொடங்கினாள். பழக்கம் விட்டுப்போன குரல், இரண்டு இடத்தில் உடைந்தது. மூன்றாவது சரணத்தில் தாமதமாகச் சேர்ந்தாள். “சாரிம்மா” என்றாள், ஒத்திகையில் சொல்வதுபோல. விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டு, அம்மாவோடு சேர்ந்தே முடித்தாள்.

மேசையில் தலை கவிழ்ந்து எவ்வளவு நேரம் இருந்தேனோ, தோளில் கை பட்டது. “அப்பா, இன்னா ஆச்சு? நெஞ்சு வலிக்குதா? சொல்லுப்பா!” மகளின் முகம் வெளுத்திருந்தது. நான் அவளுக்காகப் பயந்துகொண்டிருந்த நாட்களிலெல்லாம் அவள் எனக்காகப் பயந்துகொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஹெட்போன் வயரைப் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து ஓட விட்டேன். தன் குரல் வந்ததும் திடுக்கிட்டாள். உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தேன், போகவில்லை. முடியும்வரை நின்று கேட்டாள்.

“அம்மா சத்தம் ரொம்பக் கம்மியா இருக்குப்பா.”

“ஆமாம்மா. தப்புப் பண்ணிட்டேன். தளமும் மூடிட்டாங்க.”

“மூணாவது சரணம் நான் லேட்டு. அம்மா இருந்தா கிள்ளியிருக்கும்” என்றாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “இத ஓட விட்டு இன்னொருவாட்டி எடுக்கலாம். ஃபேன நிறுத்து.”

எழுந்து மின்விசிறியை நிறுத்தினேன்.