கீழ்த்தாழ்ப்பாள்

கூண்டைத் திறப்பதற்கு முன் கம்பிகளுக்கு இடையே கையை விட்டு விரிப்பைத் தடவிப் பார்க்கிறாள். நடுவில் சூடாக இருந்தால் நாய் தூங்கியிருக்கிறது. கதவோரம் ஈரமாக இருந்தால் காலையிலிருந்து வாசலைப் பார்த்தபடியே எச்சில் வடித்திருக்கிறது. அதன் பிறகுதான் மேலும் கீழுமாக இருக்கும் இரண்டு தாழ்ப்பாள்களையும் நீக்கி, "வாங்க சார், எந்திரிங்க, போயிட்டு வந்துடலாம்" என்பாள். நாய்களுக்கு எப்போதும் மரியாதைப் பன்மைதான். வீட்டுக்காரர்களைப் பற்றிப் பேசும்போது அது ஒருமைக்கு இறங்கிவிடும். "அவன் வேலைக்குப் போறான், சரி. இவரு என்ன தப்பு செஞ்சாரு, உள்ளே உக்கார?"

ஆட்கள் வேலைக்குப் போய்விட்ட வீடுகளில் நண்பகலில் நுழைந்து, அடைத்துவைத்த நாய்களை அரை மணி நேரம் வெளியே நடத்திக் கூட்டிவந்து, தண்ணீர் வைத்து, மறுபடி அடைத்துவிட்டுப் போவது அவள் பிழைப்பு. ஏழு வீடுகள். மத்தியான அம்மா என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். ஐம்பத்தைந்து வயது, முழங்கால் வலியால் படிகளில் பக்கவாட்டாக இறங்குவாள். அந்த வீட்டுக்காரர்களில் பாதிப் பேரை அவள் ஓரிரு முறைக்கு மேல் பார்த்ததில்லை. அவர்களுடைய கலைந்த படுக்கையும் கழுவாத கோப்பையும்தான் பழக்கம்.

கூண்டில் அடைப்பது பாவம் என்பது அவள் கட்சி. "சாயங்காலம் வந்துடுவேன்னு கொஞ்சிட்டுப் போறாங்க. சாயங்காலம்னா அதுக்கு என்ன தெரியும்? போனா போனதுதான்." இதில் பாதி உண்மை. மீதிப் பாதியை அவளிடம் சொன்னவள் ஒரு நர்ஸ்.

இரண்டாவது மாடியில் தனியாக இருக்கும் அந்த நர்ஸின் செவலை நாய், கம்பியைக் கடித்துக் கடித்து ஒரு கோரைப்பல்லை உடைத்துக்கொண்டது. நர்ஸ் வேலை முடிந்து வரும்வரை மத்தியான அம்மா படியில் காத்திருந்து நியாயம் கேட்டாள். நர்ஸ் கோபப்படவில்லை. குட்டியாக இருந்தபோது ஒருநாள் கூண்டுக்கு வெளியே விட்டுப்போனதையும், அது தலையணைப் பஞ்சைத் தின்று வயிற்றைக் கிழித்து எடுக்க வேண்டிவந்ததையும் சொன்னாள். பிறகு, "நான் இல்லாதப்போ அவன் உயிரோட இருந்தா போதும்க்கா. சந்தோஷமா இருக்கிறதை நான் வந்தப்புறம் பார்த்துக்கலாம்" என்றாள். மத்தியான அம்மா தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினாள். தலையை ஆட்டியதால் மனிதர்கள் ஒத்துக்கொண்டுவிடுவதில்லை.

ஒரு மழை நாளில் கூண்டுக்குள் போகமாட்டேன் என்று அந்தச் செவலை நாய் தரையோடு படுத்துவிட்டது. தூக்கித்தான் உள்ளே வைத்தாள். மேல்தாழ்ப்பாளைப் போட்டாள். கீழ்த்தாழ்ப்பாளைப் போடவில்லை. முட்டினால் கதவின் கீழ்மூலை நெகிழ்ந்து வழிவிடும் என்று அவளுக்குத் தெரியும். முடிவை நாயிடமே விட்டுவிட்டதாகத் தனக்குள் சொல்லிக்கொண்டு படியிறங்கினாள்.

நாய் முட்டியது. துவைக்கப் போட்டிருந்த குவியலில், நர்ஸின் வாசனை அதிகம் இருந்த காலுறை ஒன்றைக் கண்டுபிடித்து விழுங்கியது. மூன்றாம் நாள் இறந்தது.

நர்ஸ் யாரையும் குறை சொல்லவில்லை. அந்தத் தாழ்ப்பாள் கொஞ்ச நாளாகவே தேய்ந்திருந்தது, தானாகவே கழன்றிருக்கும், மாற்றாமல் தள்ளிப்போட்டது தான்தான் என்று சொல்லி அழுதாள். மத்தியான அம்மா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள், வாயைத் திறக்கவில்லை. சொன்னால் ஏழு வீட்டுக் கதவும் சாத்திக்கொள்ளும் என்ற பயம் ஒன்று. அதைவிட, அந்த அழுகையின் எதிரில் உட்கார்ந்து சொல்ல முடியவில்லை.

அதிலிருந்து மற்ற வீடுகளில் இரண்டு தாழ்ப்பாள்களையும் போட்டு, இழுத்துப் பார்த்து, வாசல்வரை போய்த் திரும்பிவந்து மறுபடி இழுத்துப் பார்க்கிறாள். கூண்டைப் பற்றி வாதாடுவதில்லை. அம்மாவுக்கு ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது என்று கேலி செய்கிறார்கள். சிரித்துவைக்கிறாள்.

எட்டு மாதம் கழித்து, போன வாரம் நர்ஸ் கூப்பிட்டாள். கையில் வெள்ளைக் குட்டி ஒன்று. கூண்டை மடித்துச் சுவரோரம் சாய்த்திருந்தாள், பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்க.

"இந்தத் தடவை கூண்டு வேண்டாம்க்கா. அதை நம்பித்தானே அவனைச் சாகவிட்டேன். நீங்க அப்பவே சொன்னீங்க, நான் கேக்கல. இவனைத் திறந்தே விட்டுட்டுப் போறேன். சரிதானே?" என்று சொல்லி, வாங்கிக்கொள்ளும்படி குட்டியை நீட்டினாள்.

இத்தனை வருடம் ஏழு வீட்டிலும் கேட்க ஆசைப்பட்ட பேச்சு. வாங்கிக்கொள்ளக் கையை நீட்டியவள் பாதியில் நின்றாள்.

"தாழ்ப்பாள் நல்லாத்தான் இருந்துச்சும்மா. நான்தான் போடல. மறந்துபோயி இல்ல, வேணும்னேதான் போடல." சுவரோரம் சாய்த்திருந்த கூண்டைப் பார்த்து, "இவரைக் கூண்டுலயே விட்டுட்டுப் போ" என்றாள்.

 நீட்டிய குட்டியை நர்ஸ் மெதுவாகப் பின்னுக்கு இழுத்து, அதன் தலை தன் கழுத்தில் பதியும்படி அணைத்துக்கொண்டாள். மத்தியான அம்மாவின் கைகள், குட்டி ஒன்று உட்காரும் அளவுக்குக் குவிந்தபடி, நீண்டே இருந்தன.