நாலு மூலையும் கறுப்பு

அப்ப நான் வீரபாண்டியில பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டருங்க. புதுசா போட்டோ பைத்தியம். எங்கிட்ட இருந்தது சின்ன சென்சார் வெச்ச க்ராப் கேமரா. பெரிய சென்சார் வெச்ச ஃபுல் ஃப்ரேம் கேமரா இருந்தாத்தான் மருவாதைன்னு நெனச்சு, சிநேகிதங்கிட்ட ஒருநாளைக்கு இரவல் வாங்குனேன்.

எங்க கம்பெனி செக்கிங்ல தூத்துக்குடிப் பொண்ணு மேரி. புருசன் துபாய்ல, பொறந்த குழந்தைய இன்னும் பாக்கலை. ஞானஸ்நானத்துல நாந்தான் போட்டோகிராபர். என்னோட பழைய லென்ஸையே பெரிய கேமராவுல மாட்டி எடுத்துத் தள்ளுனேன். திரையில மூலையெல்லாம் கறுப்பாத் தெரிஞ்சுது. ஃபுல் ஃப்ரேம் ஸ்டைலே இதுதானாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்!

பிரிண்ட் வந்தப்பறந்தான், சின்ன சென்சாருக்குச் செஞ்ச லென்ஸ் பெருசுக்குப் பத்தாதுன்னு தெரிஞ்சுது. மொத்தச் சொந்தமும் குழாய்க்குள்ள நிக்கறாப்ல இருந்துச்சு.

"தப்புப் பண்ணிட்டேன் கண்ணு"ன்னு மேரிகிட்டச் சொன்னேன்.

"விடுங்கண்ணே, பிள்ள நடுவுலதான இருக்கு?" நூல் வெட்டுற கத்திரியிலயே கறுப்ப வட்டமா வெட்டி எடுத்துருச்சு.

துபாய்ல புருசன் அதப் பாத்துட்டு, "எங்கம்மா மூக்கு"ன்னு போன்ல அழுதாராமுங்க. எந்தக் கேமரான்னு அவரு கேக்கவே இல்லையாம். எனக்கு அதுல இன்னைக்கும் கொஞ்சம் வருத்தந்தான்.