இலை கொட்டிய நாற்றுகள்

மலேசியாவின் பண்டார் தெங்காராவில் ஒரு மிளகாய் விதைப் பண்ணையில் நானும் மேரியும் ஒரே மேசையில் வேலை பார்த்தோம். எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. எனக்கு எட்டு வருட அனுபவம். அவள் வந்து நான்கு மாதம்தான். அதற்குள் எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்வாள்.

நோய் தாங்கும் காட்டு மிளகாயை நாட்டு ரகத்தோடு கலந்து, அதில் வந்த நாற்றுகளின் இலையில், நோய் வந்த செடியின் வைரஸ் சாற்றைத் தேய்ப்போம். தாங்குகிற நாற்றுதான் அடுத்த விதைக்குத் தாய். ஒரு வாரத்தில் சில நாற்றுகளில் தேய்த்த இலை கருகிக் கொட்டியது. மேரி அவற்றுக்குத்தான் 'நல்லது' என்று சிவப்பு நாடா கட்டியிருந்தாள்.

“இலை கொட்டினது நல்லதா? உனக்குக் கண்ணு தெரியுதா?”

“வைரஸ் பரவக்கூடாதுன்னு செடியே அந்த இலைய சாகடிச்சிரும்ணே. பிடுங்காதீங்க லா.”

அவள் சொன்னதாலேயே பிடுங்கினேன். குப்பையோடு எரித்தேன்.

அடுத்த இரண்டு வாரத்தில், நான் விட்டுவைத்த பச்சை நாற்றுகள் எல்லாம் மஞ்சள் திட்டு விழுந்து சுருண்டன. தாய்ச்செடிக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

“இலை கொட்டின நாத்தையெல்லாம் யாரு பிடுங்கினது?” என்றார் மேனேஜர்.

“மேரிதான், பாஸ்.”

அவள் மறுத்தாள். என் எட்டு வருடத்துக்கு முன்னால் அது எடுபடவில்லை. கையுறையைக் கழற்றி என் முகத்தில் எறிந்துவிட்டு வேலையை விட்டே போனாள்.

இப்போது புதிதாக வருகிறவர்கள், “இலை கொட்டினது எப்படிண்ணே நல்லது?” என்று கேட்கிறார்கள். மேரி சொன்னதை வார்த்தை மாறாமல் சொல்கிறேன். “அண்ணனுக்கு எல்லாம் தெரியுது” என்கிறார்கள். அவள் பெயரைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.